பழைய உபகரணங்களைக் கொண்டு தேனீ வளர்ப்பைத் தொடங்குதல்

பதுளை மாவட்டத்தின் தோட்டங்களிலும் கிராமங்களிலும் தேனீ வளர்க்க விருப்பமுடையோர் பலர் உளர். எனினும் புதிய பெட்டிக்கும் அதற்குரிய கருவிகளுக்கும் வேண்டிய பணம் ஒரே வேளையில் எல்லோர் கைக்கும் வருவதில்லை. ஆகவே, பிறர் கைவிட்ட பெட்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கித் தொடங்கலாமா என்று கேட்போர் அநேகர். தொடங்கலாம் என்பதே அதற்கு விடை. ஆனால் எதனைக் காசு கொடுத்து வாங்கலாம், எதனை இனாமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குக் கொண்டுவரலாகாது என்பதை முதலில் பிரித்தறிதல் வேண்டும். பழைய மரத்தால் தீங்கில்லை. செம்மையான உலோகக் கருவியாலும் தீங்கில்லை. பழைய தேனடை அவ்வாறன்று. இவ்வேறுபாட்டை உணராது பணத்தை முடக்கிய பலர், முதலாண்டிலேயே தேனீயையும் இழந்து, தேனீ வளர்ப்பு நமக்கு ஒத்துவராத தொழில் என்று கைவிட்டுவிடுகின்றனர். அவர்கள் கைவிட்ட பெட்டிகளே மீண்டும் விலைக்கு வருகின்றன.

நமது தேனீயின் அளவு

இலங்கையிற் பெட்டியில் வைத்து வளர்க்கப்படுவது பொந்துகளில் வாழும் இந்தியத் தேனீயாகும். மரப்பொந்து, பாறை இடுக்கு, புற்று, பழஞ்சுவர் ஆகிய இருண்ட இடங்களிலே பல அடைகளை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகக் கட்டி வாழ்வது இத்தேனீயின் இயல்பு. தேயிலை மலைகளிற் கொழுந்து பறிக்கும் பெண்களைத் துரத்திக் கொட்டும் மலைத்தேனீ இதனின் வேறானது. சிங்களத்திற் பம்பரா என வழங்கும் அந்த மலைத்தேனீ திறந்த வெளியில் ஒரே பெரிய அடையைக் கட்டித் தொங்கும். அதனைப் பெட்டியில் வளர்த்தல் இயலாது. தோட்டங்களில் இவ்விரண்டையும் குளவியையும் சேர்த்துக் “குளவி” என்றே அழைப்பதால், லயத்துக்கு அருகே தேனீப்பெட்டி வைக்கப்படுகின்றது என்று கேட்டவுடன் அயலார் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை அலட்சியம் செய்யாது, வேறுபாட்டை அவர்களுக்கு முன்னரே விளக்கிவைத்தல் நன்று.

மேனாட்டிலும் உலகின் பல பாகங்களிலும் வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீ, நமது தேனீயிலும் பெரியது. அது இலங்கைக்கு உரியதன்று, இங்கு வளர்க்கப்படுவதுமில்லை. ஆயினும் அதற்கெனச் செய்யப்பட்ட பெட்டிகளும், அவற்றின் அளவைப் படத்திற் பார்த்து உள்ளூர்த் தச்சர் செய்த பெட்டிகளும் இடையிடையே விலைக்கு வருவதுண்டு. இங்கேதான் புதியவர் ஏமாறுகின்றனர். பெட்டி பெரியது, பலகை தடித்தது, பூச்சும் அழகியது. ஆதலால் நல்ல பெட்டி என்று எண்ணிவிடுகின்றனர். தேனீக்கு ஒவ்வாத அளவிற் செய்த பெட்டி எத்துணை அழகியதாயினும் அது விறகின் விலைக்கே உரியது.

அளவு இவ்வளவு முக்கியமாவதேன் என்பதை அறிதல் நலம். அமெரிக்க நாட்டவரான லாங்ஸ்ட்ரொத் என்னும் பாதிரியார் 1851ஆம் ஆண்டில் ஓர் உண்மையைத் தெளிவாகக் கண்டு, அதனைத் தமது பெட்டியிற் பயன்படுத்தினார். தேனீக்கள் தாம் நடந்து திரிவதற்கென ஒரு குறிப்பிட்ட அளவு இடைவெளியை விட்டுவைக்கும். அதனிலும் சிறிய சந்தினை அடைத்துவிடும். பெரிய வெளியில் மேலதிக அடையைக் கட்டிவிடும் என்பதே அவ்வுண்மை. இவ்விடைவெளியைத் தேனீவழி எனலாம். நமது தேனீக்கு இது ஏறத்தாழ 7 முதல் 8 மில்லிமீற்றர் வரையாகும். ஐரோப்பியத் தேனீக்கு இதனிலும் சற்று அதிகம் வேண்டும். ஒரு சட்டத்தின் நடுவிலிருந்து அடுத்த சட்டத்தின் நடுவரையுள்ள தூரமும் அவ்வாறே வேறுபடும். ஐரோப்பியத் தேனீக்கு 35 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் வேண்டும். நமது தேனீக்கு ஒன்றேகால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 32 மில்லிமீற்றர் போதியது. அகன்ற இடைவெளியுள்ள பெட்டியில் நமது தேனீயை விட்டால், சட்டங்களுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாக அடை கட்டி அனைத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிடும். பின்னர் ஒரு சட்டத்தைத் தூக்குவதாயின் நான்கு அடைகள் உடையும். சட்டம் வெளியே எடுக்க முடியாத பெட்டிக்கும், பண்டைக்காலத்திற் கூரையோரத்தில் தொங்கவிடப்பட்ட மண்முட்டிக்கும் வேற்றுமை யாதுமில்லை.

திருச்சிராப்பள்ளி புனித சூசையப்பர் கல்லூரியைச் சேர்ந்த நியூட்டன் பாதிரியார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இந்தியத் தேனீயின் அளவை ஆராய்ந்து ஒரு சிறிய பெட்டியை அமைத்தார். நியூட்டன் பெட்டி என அவர் பெயராலேயே வழங்கும் இப்பெட்டியின் குஞ்சறையில் ஏழு சட்டங்கள் உண்டு. சட்டத்தின் உள்நீளம் எட்டேயரைக்கால் அங்குலம். உட்கூறான உயரம் ஐந்தேமுக்கால் அங்குலம். தேனறைச் சட்டம் அதே நீளமும் அதனிற் பாதிக்கும் குறைந்த உயரமும் உடையது. இதனோடு லாங்ஸ்ட்ரொத் பெட்டியை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் சட்டம் பதினேழு அங்குலத்துக்கு மேல் நீண்டது. பெட்டி ஒன்றுக்குப் பத்துச் சட்டங்கள். நமது தேனீக்கூட்டம் அவ்வளவு பெரிய அறையை நிரப்பிக் காத்துக்கொள்ள இயலாது. காக்கப்படாத மூலைகளில் மெழுகு அந்துப்பூச்சி குடியேறும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

பழைய பெட்டி பார்க்கச் செல்லும்போது மூன்று பொருள்களைக் கையோடு கொண்டுசெல்லுதல் வேண்டும். அளவுநாடா ஒன்று. உங்கள் பகுதியில் நன்கு தேன் தரும் பெட்டியிலிருந்து இரவலாகப் பெற்ற வெறுஞ்சட்டம் ஒன்று. பாடசாலைப் பிள்ளைகளின் பென்சில் ஒன்று. பென்சிலின் தடிப்பு ஏறக்குறைய 7 மில்லிமீற்றராகும். சட்டத்தின் பக்கத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே பென்சில் தாராளமாக நுழையவேண்டும், சிறுவிரல் நுழைதலாகாது. இரவற் சட்டம் பெட்டியில் ஏறி அமர்கின்றதா, பெட்டியிலுள்ள சட்டங்கள் ஒன்றுக்கொன்று மாற்றி வைக்கக்கூடியனவா என்பதையும் பார்த்தல் அவசியம். பசறைப் பகுதியில் ஒரு குடும்பத்தார் மலிவாக ஆறு பெட்டிகள் வாங்கினர். ஆறும் மூன்று வெவ்வேறு தச்சர் கைப்பட்டவை. ஒரு பெட்டியின் சட்டம் மறுபெட்டியில் இறங்கவில்லை. வலுக்குறைந்த கூட்டத்துக்கு வலிய கூட்டத்திலிருந்து ஒரு குஞ்சடையை எடுத்துக் கொடுக்கும் வசதியே அவர்களுக்கு இல்லாது போயிற்று. ஒரே அளவில் இரண்டு பெட்டி கிடைத்தால் அது பல அளவில் ஆறு பெட்டியினும் மேலானது.

பலகையை நகத்தால் அழுத்திப் பார்க்கவும். அடிப்பலகையும் கால்களும் மழையால் உக்கியிருத்தல் வழக்கம்; அவற்றைப் புதிதாகச் செய்துகொள்ளலாம் என்பதனால் அதற்காகப் பெட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. சுவர்ப்பலகை வெடித்திருந்தாலோ மூலைப்பொருத்து விலகியிருந்தாலோ விலையைக் குறைத்துக் கேட்கவும். தைலமரம் பூக்கும் மலைக்கும் பின்னர் இறப்பர் துளிர்க்கும் பகுதிக்கும் பெட்டிகளை வாகனத்தில் ஏற்றிச் செல்ல எண்ணுவோர் மூலைப்பொருத்திற் சிறிதும் தளர்வுள்ள பெட்டியை வாங்கலாகாது. ஊவாவின் மலைப்பாதையில் அது ஒரு பயணம் தாங்காது.

பெட்டியின் உட்சுவரைக் கூர்ந்து நோக்கினால் அதன் வரலாறு தெரியவரும். தோணி வடிவமான சிறு குழிகள் மரத்திற் காணப்பட்டால், அவை மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறுமுன் கடித்துக் குடைந்தவை. இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. தூய்மை செய்தபின் பயன்படுத்தலாம். சட்டங்களின் முனைகளில் கபிலநிறப் பிசின் தடிப்பாக ஒட்டியிருந்தால் அது கவனத்துக்குரியது. நமது தேனீ பிசின் சேர்ப்பது மிக அரிது. ஐரோப்பியத் தேனீயே அதனை மிகுதியாகப் பூசும். ஆகவே அப்பெட்டி பிறநாட்டிற் பாவிக்கப்பட்டு இங்கு வந்ததாக இருத்தல் கூடும். ஐரோப்பியத் தேனீயின் குஞ்சுகளைத் தாக்கும் அமெரிக்கக் குஞ்சழுகல் என்னும் நோயின் வித்திகள் பழைய பெட்டியிலும் அடையிலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்க வல்லன. வெந்நீரோ சவர்க்காரமோ அவற்றை அழிப்பதில்லை. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் பாவித்த பெட்டியை அனுப்பிவைக்க முன்வந்தாலும் அன்புடன் மறுத்துவிடுதல் வேண்டும். அது உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் உரிய காரியமன்று. இந்நாட்டுத் தேனீ முழுவதையும் பற்றியது.

தோட்டங்களிற் பழைய தேயிலைப் பெட்டிகளைத் தேனீப்பெட்டியாக மாற்றும் வழக்கமும் இருந்தது. தேயிலை கடதாசிச் சாக்குகளில் அடைக்கப்படும் இக்காலத்தில் அம்மரப்பெட்டிகள் பரண்களிலேதான் கிடைக்கும். அவற்றின் ஒட்டுப்பலகை மழையில் நனைந்தால் தாள்தாளாகப் பிரிந்துவிடும். உள்ளே ஒட்டிய உலோகத் தகட்டை நீக்கி, மழைபடாத இடத்திற் கூட்டத்தை வரவழைக்கும் பெட்டியாக மட்டும் வைக்கலாம். நிலையான பெட்டிக்கு அது உதவாது. பூச்சிநாசினியோ களைநாசினியோ இருந்த கலன், அதனை வைத்த மரப்பெட்டி, தெளிகருவியோடு ஒரே அறையிற் கிடந்த பலகை ஆகியவற்றை எக்காரணத்தாலும் தொடலாகாது. கழுவினாற் போய்விடும் என்பது தவறான எண்ணம். மரம் நஞ்சை உறிஞ்சி வைத்திருந்து, வெயில் ஏறும்போது விடும்.

விலையைப் பற்றி ஒரு சொல். அளவு சரியான, உறுதியான பழைய பெட்டிக்குப் புதியதன் விலையிற் பாதிக்கு மேல் கொடுத்தல் தகாது என்பது எமது அபிப்பிராயம். தூய்மை செய்யும் கூலியும், புதிய அடிப்பலகையும், மாற்ற வேண்டிய சட்டங்களும் மீதிப்பாதியை எடுத்துக்கொள்ளும். அடை நிறைந்திருக்கின்றது, ஆதலால் விலை கூட என்று சொல்வோரிடம் அடையை அவர்களே வைத்துக்கொள்ளுமாறு சொல்லுங்கள்.

பழைய அடை ஏன் வேண்டாம்

அடை கட்டுவதற்குத் தேனீ பெருமளவு தேனை உண்டு மெழுகைச் சுரக்க வேண்டியிருக்கின்றது. எனவே கட்டி முடித்த அடையைக் கொடுத்தால் கூட்டத்துக்கு உதவிதானே என்று வினவுவது இயல்பு. ஐரோப்பியத் தேனீ வளர்ப்போர் பழைய அடையைப் பேணி மீண்டும் கொடுப்பது உண்மையே. நமது தேனீயின் இயல்பு வேறு. கறுத்துப்போன அடையை அது விரும்புவதில்லை. தானே கடித்து உதிர்த்துவிட்டுப் புதிதாகக் கட்டும். உதிர்ந்த துகள் அடிப்பலகையிற் குவியும். அக்குவியலே மெழுகு அந்துப்பூச்சியின் முட்டைக்கு ஏற்ற தொட்டில். அடிப்பலகையில் மாவுபோன்ற துகளும் நூலாம்படையும் காணப்பட்டால் பூச்சி குடியேறிவிட்டது என்று அறிக. சில வாரங்களிற் கூட்டம் முழுவதும் பெட்டியைக் கைவிட்டு ஓடிவிடும். கூட்டைக் கைவிட்டு ஓடுதல் நமது தேனீயிடம் உள்ள பெருங்குறை. எறும்பு, பட்டினி, ஓயாத தொல்லை ஆகியவற்றோடு அந்துப்பூச்சியும் அதற்கு முதன்மையான காரணமாகும்.

நோயைப் பற்றிய காரணம் இதனிலும் பாரதூரமானது. தாய்லாந்தில் 1976ஆம் ஆண்டில் நமது தேனீயினத்திற் பைக்குஞ்சு நோயின் ஒரு வகை கண்டறியப்பட்டது. அது ஒரு வைரசால் வருவது. அறையை மூடுமுன்னரே குஞ்சு இறந்து, தலை நிமிர்ந்து தோணிபோல வளைந்து கிடக்கும். இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த பைபோல முழுதாக வெளிவரும். 1991, 1992ஆம் ஆண்டுகளில் இந்நோய் தென்னிந்தியாவிற் பரவி, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெட்டிகளில் வளர்த்த கூட்டங்களிற் பத்தில் ஒன்பது பங்கை அழித்தது என்பர். கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம் பகுதி, ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் 1920களில் அங்கு நடத்திய கிராமப் புனரமைப்புப் பணியின் காலந்தொட்டே தேனீ வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. அங்கும் வீடுதோறும் தேனீ இல்லாத வெறும் பெட்டிகளே மிஞ்சின. தப்பிப் பிழைத்த சில கூட்டங்களைப் பெருக்கியே அத்தொழில் மீண்டும் தலையெடுத்தது. ஒரு பகுதியில் வெறும் பெட்டிகள் மலிவாக ஏராளமாக விற்கப்படுமாயின், அவை ஏன் வெறுமையாயின என்று கேட்டறிந்தபின்பே விலை பேசவேண்டும். விற்பவர், “தேனீ ஓடிவிட்டது” என்று சொன்னால் அத்துடன் விட்டுவிடாது, ஓடுமுன் குஞ்சுகள் எவ்வாறிருந்தன, துர்நாற்றம் இருந்ததா, அயல்வீட்டுப் பெட்டிகளும் அழிந்தனவா என்று வினவுக. நேர்மையானவர் மறைக்கமாட்டார்.

பெட்டியோடு வந்த அடைகளை வெட்டியெடுத்துச் சாக்கில் கட்டி, கொதிநீரில் அமிழ்த்தினால் மெழுகு மேலே மிதக்கும். ஆறியபின் பாளமாக எடுக்கலாம். பத்திக் வேலை செய்வோர் அதனை வாங்குவர். வரலாறு தெரியாத அடையின் மெழுகைத் தேனீக்கு மீண்டும் கொடுத்தலாகாது. அவ்வடையில் எஞ்சிய தேனையும் தேனீக்கு ஊட்டலாகாது. நோயை வீட்டுக்கு வீடு கொண்டுசெல்வதில் இத்தேன் முதலிடம் பெறும்.

தூய்மைப்படுத்தல்

முதலிற் சட்டங்களைக் கழற்றி, உளியால் மெழுகையும் கூட்டுப்புழு உறைகளையும் சுரண்டி எடுக்கவேண்டும். சுரண்டியதை நிலத்தில் விடாது நெருப்பிலிடுக. வெளியில் விட்டால் அயற்கூட்டத்துத் தேனீக்கள் அதனை மொய்க்கும். சட்டங்கள் பழுதுபட்டிருந்தால் அவற்றைத் தூய்மை செய்வதில் நேரம் செலவிடுதல் வீண். எரித்துவிட்டுப் புதியன செய்க. சட்டம் மலிவானது, பெட்டியே விலைகூடியது.

பின்னர் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் நார்த்தூரிகையால் நன்கு தேய்த்துக் கழுவி, தெளிநீரில் அலசி, கடும் வெயிலிற் பல நாள் காயவிடுக. இறுதியாகப் பெட்டியின் உட்பக்கத்தையும் அடிப்பலகையையும் பற்றாசுவிளக்கின் சுடரால், மரம் இளங்கபில நிறமாகும் வரை வாட்டவேண்டும். மூலைகளிலும் பலகைச் சந்துகளிலும் சுடர் சற்று நேரம் நிற்றல் வேண்டும். பூச்சி முட்டையிடுவது அங்கேயே. இவ்விளக்கு இல்லாதோர் கொல்லரிடம் கொண்டுசென்று சிறு கூலிக்குச் செய்விக்கலாம். பூச்சுப் பூசிய வெளிப்பக்கத்தைச் சுடரால் வாட்டலாகாது, உலர்ந்த நிலையிற் சுரண்டவும் ஆகாது. பழங்காலப் பூச்சுக்களில் ஈயம் கலந்திருத்தல் உண்டு. அதன் தூசியும் புகையும் சிறுவருக்குப் பெருந்தீங்கு விளைக்கும். ஈரத்துணியால் துடைத்து, அதன்மேலேயே புதிய பூச்சைப் பூசிவிடுக. உட்பக்கத்துக்குப் பூச்சு வேண்டாம்.

இவ்வளவு செய்தபின் அப்பெட்டிக்குப் புதிய பெட்டியில் இல்லாத ஒரு சிறப்பு வாய்க்கின்றது. தேனீ வாழ்ந்த மரத்தில் மெழுகின் மணம் முற்றாக நீங்குவதில்லை. புதிதாகக் குடியிருக்க இடம் தேடும் கூட்டத்தை அம்மணம் அழைக்கும். புதுப்பலகையும் புதுப்பூச்சும் மணக்கும் பெட்டியை அத்தேனீக்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுதல் பலமுறை காணப்பட்டுள்ளது.

ஏனைய கருவிகள்

புகையூட்டியைப் பழையதாக வாங்குவதில் தீங்கில்லை. துருத்தியின் தோல் வெடித்ததா என்பதை, குழாய்முனையை விரலால் அடைத்து அமுக்கிப் பார்த்தால் அறியலாம். தோலை மாற்றிக்கொள்வதும் எளிது. முகவலையும் கத்தியும் வீட்டிலேயே ஆக்கிக்கொள்ளத்தக்கவை.

தேன் எடுக்கும் யந்திரத்தை வாங்குவதில் மிக்க எச்சரிக்கை வேண்டும். தேன் புளிப்புத்தன்மையுடையது, நாகம் பூசிய தகட்டையும் ஈயம் கலந்த பற்றாசையும் அது அரித்துத் தன்னுள் எடுத்துக்கொள்ளும். ஆகவே துருவேறிய பழைய யந்திரமும், நாகத்தகட்டு யந்திரமும் எவ்வளவு மலிவாயினும் வேண்டா. துருவேறா உருக்கினாற் செய்ததையே கொள்க. அதனுள்ளிருக்கும் கூடை பெரிய சட்டத்துக்கென அமைந்திருந்தால் நமது சிறிய சட்டம் அதனிடையே நழுவி விழும். இதனையும் இரவற் சட்டத்தைக் கொண்டே சோதிக்கலாம். ஓரிரு பெட்டி வைத்திருப்பவர் யந்திரம் வாங்கவே வேண்டியதில்லை. நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்குவது சாலச் சிறந்தது.

அத்திவாரத் தகடு என்னும் அச்சிட்ட மெழுகுத்தகடு மலிவாகக் கிடைத்தாலும், அதன் அறையளவு நமது தேனீக்குரியதா என்று பாருங்கள். ஐரோப்பியத் தேனீயின் அறை 5 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. நமது தேனீயின் அறை 4 மில்லிமீற்றருக்குச் சற்றே கூடியது. பெரிய அறையுள்ள தகட்டைக் கொடுத்தால் தேனீ அதனை ஒழுங்காகக் கட்டாது. நோயற்ற கூட்டத்தின் தூய மெழுகை உருக்கி, சட்டத்தின் மேற்பலகையின் அடியில் நடுக்கோடாக ஒரு கீற்று வார்த்துவிட்டால் போதும். தேனீ அக்கோட்டைப் பின்பற்றி நேராகக் கட்டும். இராணித்தடுப்பும் இவ்வாறே. பெரிய தேனீக்கெனச் செய்த தடுப்பினூடாக நமது இராணி நழுவிச் செல்லக்கூடும்.

கூட்டத்தைப் பெறுதல்

பெட்டி ஆயத்தமானபின் கூட்டத்தைத் தேடுக. கூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு பெட்டிக்கு ஓடுதல் வேண்டா. தூய்மை செய்த பெட்டியை நிழலான, தரையிலிருந்து ஓராள் உயரமுள்ள இடத்தில், வாசலைச் சிறிதாக்கி வைத்தால், கூட்டங்கள் பிரியும் பருவத்தில் தாமே வந்து குடியேறுவதுண்டு. பழஞ்சுவரிலோ மரப்பொந்திலோ உள்ள கூட்டத்தை எடுப்பதாயின் மாலை வேளையிற் செய்க. குஞ்சுள்ள அடைகளை மட்டும் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, வாழைநாரால் சட்டத்தோடு கட்டவேண்டும். சில நாட்களில் தேனீயே அதனை மெழுகால் ஒட்டி நாரையும் அறுத்து எறிந்துவிடும். தேனடையைச் சட்டத்திற் கட்டலாகாது. அது கனத்தால் அறுந்து விழுந்து கூட்டத்தை நனைக்கும். இராணி பெட்டிக்குள் வந்துவிட்டால் ஏனையவை தாமே பின்தொடரும்.

குடியேறிய முதல் வாரத்திற் சமபங்கு சீனியும் நீரும் கரைத்த பாகை, அந்திநேரத்திற் பெட்டிக்குள்ளேயே வைத்து ஊட்டுக. பகலில் வெளியில் வைத்தாற் பிற கூட்டங்கள் வந்து கொள்ளையிடும். பெட்டியின் கால்களை நீர் நிரப்பிய தகரங்களில் நிறுத்துதல் இன்றியமையாதது. எறும்பு ஏறிய ஒரே இரவிற் கூட்டம் ஓடிவிடலாம். வாசல் உயரம் 8 மில்லிமீற்றருக்கு மேற்படாதிருப்பின் பெருங்குளவி உள்ளே புகாது. முதல் பத்து நாட்களும் பெட்டியைத் திறவாதிருத்தல் நன்று. திறந்து பார்க்கும் ஆவலாற் கூட்டத்தை இழந்தோர் தொகை, நோயால் இழந்தோர் தொகையிலும் குறைந்ததன்று.

லயங்களில் வாழ்வோர் பெட்டியை நடைபாதையிலிருந்தும் நீர்க்குழாயடியிலிருந்தும் விலக்கி, வாசல் வேலியையோ புதரையோ நோக்குமாறு வைத்தால் தேனீ உயர எழும்பிப் பறக்கும், மனிதரோடு மோதாது. தோட்ட நிருவாகத்தின் அனுமதியை முன்னரே பெறுக. கொட்டினாற் கொடுக்கை உடனே நகத்தால் வழித்தெடுக்கவேண்டும். எவருக்காயினும் உடலெங்கும் தடிப்போ மூச்சுத்திணறலோ மயக்கமோ உண்டானால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

உணவும் பருவமும்

பறிக்கப்படும் தேயிலைச் செடி பூப்பதற்கு விடப்படுவதில்லை. எனவே எங்கும் பச்சையாகக் காணப்படும் மலை தேனீக்குப் பாலைவனமாக இருத்தல் கூடும். தேனீக்கு உணவளிப்பவை தேயிலைக்கிடையே நிற்கும் கிறவில்லியாவும் முருக்கும், வீட்டுத் தோட்டத்துக் கோப்பியும் கொய்யாவும் கித்துளும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளைப் பகுதிகளிற் காடாக நிற்கும் தைலமரங்களும் ஆகும். தைலமரத்தில் இனங்கள் பல. எல்லாம் ஒரே மாதத்திற் பூப்பதில்லை. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மைலுக்குள் எந்த மரம் எந்த மாதத்திற் பூக்கின்றது என்பதைப் பெட்டி வாங்குமுன்னரே ஓராண்டு குறித்துவைத்தால், அக்குறிப்பு பெட்டியினும் பயன்படும். மொனராகலைப் பக்கத்து இறப்பர், மாசி பங்குனியில் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியிலுள்ள சுரப்பிகளிலிருந்து இனிப்பு நீரைச் சுரக்கும். அது பூவிலிருந்து வருவதன்று எனினும் தேனீ அதனைத் தேனாக்கும்.

வடகீழ்ப் பருவமழை ஊவாவிற் கடுமையாகப் பெய்யும் ஐப்பசி முதல் தை வரையான காலத்திற் தேனீ வெளியே செல்ல இயலாது பட்டினி கிடக்கும். இக்காலத்திற் கூட்டம் வாங்கித் தொடங்குவோர் சீனிக்குச் செலவிட ஆயத்தமாயிருத்தல் வேண்டும். வெலிமடைப் பகுதியில் மரக்கறிப் பயிருக்கு மருந்து தெளிக்கும் நாட்களை அயலாரிடம் கேட்டறிந்து, அதற்கு முதல்நாள் மாலை வாசலை வலையால் மூடுக.

ஒரு பெட்டியோடு தொடங்குவதிலும் இரண்டோடு தொடங்குவது நன்று. ஒன்று இராணியை இழந்தால் மற்றதிலிருந்து முட்டையுள்ள அடையைக் கொடுத்து மீட்கலாம். முதலாண்டிலே தேனறையில் மூடிய அடைகளை மட்டும் எடுத்து, குஞ்சறைத் தேனைக் கூட்டத்துக்கே விட்டுவிடுக. மூடாத அறைத்தேனில் நீர் மிகுதி; அது புளித்துவிடும்.

இந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு பண்டாரவளைக்கு அண்மையில் பிந்துனுவெவவில் அமைந்துள்ளது. பதுளை மாவட்டத்தார்க்கு இது பெரும் வாய்ப்பாகும். வாங்க எண்ணும் பெட்டியின் உள்நீளம், உள்ளகலம், உயரம், சட்டத்தின் அளவு ஆகியவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு அங்கு சென்றோ, உங்கள் கமநல சேவை நிலையத்தின் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டியோ, பணம் கொடுக்குமுன் ஆலோசனை பெறுக. இறந்த குஞ்சுள்ள அடை காணப்பட்டால் அதனைத் திறந்தபடி எடுத்துச் செல்லாது, கடதாசியிற் சுற்றி, மூடிய தகரத்தில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும்.